படகு ஏறும் படிக்கட்டு

காவிரிக் கரையில் வாழும் நமக்கு மதகு புதிதன்று. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்ததும், கல்லணைக்கு வரும் நீர் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் எனப் பிரிவதைப் பார்த்திருக்கிறோம். ஷட்டரை ஏற்றி வாய்க்காலுக்கு முறை வைத்து விடுவதையும் அறிவோம். ஆனால் இந்த மதகு தண்ணீரை விடும், படகை விடாது. மேலே நீர் உயர்ந்தும் கீழே தாழ்ந்தும் நிற்குமாதலால், வந்த படகு அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

படகையும் விடும் மதகுக்கு லாக் என்று பெயர். பூகோளத்தில் பனாமா கால்வாயைப் படித்தவர்கள் இதைக் கேள்விப்பட்டிருப்பர். கால்வாயின் குறுக்கே ஒரு கதவுக்குப் பதிலாக, படகின் நீளத்துக்கு இடம் விட்டு இரண்டு கதவுகள். நடுவே கல்லால் கட்டிய தொட்டி. கீழிருந்து வரும் படகு தொட்டிக்குள் நுழைந்ததும் பின்கதவை அடைப்பார்கள். பிறகு முன்பக்கத்துச் சிறு கண்ணைத் திறந்தால் மேல்நீர் தொட்டியில் பாயும். படகு தானே உயரும். இருபுறமும் மட்டம் சமமானதும் முன்கதவு திறக்கும். இறங்குவதற்கு இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும்.

இதற்கு எஞ்சினும் வேண்டாம், பம்பும் வேண்டாம். கதவின் இரு பலகைகளும் மேல்நீரை நோக்கிக் கூராகச் சேர்வதால், நீர் அழுத்த அழுத்த இறுகிக்கொள்ளும். மட்டம் சமமாகும் முன் பத்துப் பேர் தள்ளினாலும் அசையாது. சமமான பின் உங்களில் ஒருத்தியே தள்ளிவிடலாம்!

இத்தகைய கால்வாய்கள் மலிந்த நாடு இங்கிலாந்து. ஏழடி அகலமே உள்ள நீண்ட படகுகளில் முன்பு நிலக்கரி சென்றது. இன்று விடுமுறைக்காரர்கள் செல்கிறார்கள். டெவைசஸ் ஊரருகே 29 லாக்குகள் அடுத்தடுத்து ஏறத்தாழ 72 மீட்டர் உயரம் ஏற்றுகின்றன. அதைக் கடப்பதற்குள் பகலில் பெரும்பகுதி போய்விடும்.

நம் மாநிலத்திலும் லாக் உண்டு. 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டப்பட்டு, பின்னர் வடக்கே ஆந்திரத்துக்கும் தெற்கே மரக்காணத்துக்கும் நீண்ட பக்கிங்காம் கால்வாய் அது. சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை 1877-78 பஞ்சத்தில் பசித்து வந்த மக்களே கூலிக்கு வெட்டினர். கடலோரச் சமவெளியில் லாக் எதற்கு என்று கேட்கலாம். ஆறு கடலில் சேரும் இடங்களில் வெள்ளமும் கடல் ஏற்றவற்றமும் மட்டத்தை மாற்றிவிடும். அதைத் தடுக்கவே அங்கே கதவுகள். விறகும் உப்பும் இவ்வழியே சென்னைக்கு வந்தன. பாரதிதாசனின் 'மாவலிபுரச் செலவு' இக்கால்வாயில் சென்ற படகுப் பயணத்தைப் பாடுவதே. பின்னாளில் புயல்களாலும் தூர்ந்தமையாலும் படகுகள் நின்றன.

நம் பாசன ஆறுகளில் மட்டும் ஏன் இவ்வழக்கம் வேரூன்றவில்லை? 1836-இல் கொள்ளிடத்தில் மேலணை கட்டிய ஆர்தர் காட்டனே, பின்பு கோதாவரியில் பாசனக் கால்வாய்களைப் படகுக்கும் உரியனவாக லாக்குகளுடன் அமைத்தார். ஆகவே அறியாமை காரணமன்று. எனக்குத் தோன்றுவது இது: இங்கிலாந்தின் ஒடுங்கிய லாக்கில்கூட ஒரு படகை ஏற்ற ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர் நீர் கீழே போகிறது. நமக்கோ ஜனவரி 28-இல் மேட்டூர் மூடுவது வழக்கம். கோடையில் வாய்க்கால் வறண்டு கிடக்கும். தண்ணீர் ஓடும் மாதங்களிலும் கடைமடை உழவர் அதை எதிர்பார்த்து நிற்கிறார். படகுக்கு எங்கே மிச்சம்?

நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யம் செல்லும் கால்வாய் இதற்கு விலக்கு. கடலோரத்து உவர்நீர் எந்த வயலுக்கும் பயன்படாது. எனவே அதில் உப்புப் படகுகள் தடையின்றிச் சென்றன.