பத்தும் பெண் என்று வாங்கினேன், ஒன்று நீலமாகிறது

கேள்வி: நான்கடி தொட்டியில் பத்து சவுலோசி சிச்லிட் மீன்கள் வளர்க்கிறேன். சண்டையும் வேண்டாம், குஞ்சு பொரித்துப் பெருகவும் வேண்டாம் என்று பெண் மீன்களாகவே கேட்டேன். “மஞ்சளாக இருப்பதெல்லாம் பெண்தான்” என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். இப்போது ஒன்றுக்கு உடம்பெல்லாம் நீலம் ஏறிக் கறுப்புப் பட்டை விழுகிறது. மற்றவற்றை ஓட ஓட விரட்டுகிறது. பெண் ஆணாக மாறிவிட்டதா? இன்னொன்று ஒரு வாரமாகத் தீனி எடுக்காமல், தாடை உப்பிப் பாறைக்குள்ளேயே கிடக்கிறது. பெண் சிச்லிட்களை மட்டும் வளர்ப்பது நடக்கிற காரியமா? கான்விக்ட் பெண்கள் நான்கைந்தைக் கூடச் சேர்க்கலாமா, சார்?
— ஒரு வாசகர், சேலம்

பதில்: உங்கள் மீன் மாறவில்லை. அநேகமாக அது வாங்கும்போதே ஆண்தான். சவுலோசியில் குஞ்சுகள் எல்லாமே மஞ்சளாகத்தான் இருக்கும். ஆண் வளர வளர நீலமும் கறுப்புப் பட்டையும் ஏறும். பெண் மஞ்சளாகவே நின்றுவிடும். அதனால் சின்ன மீனை நிறம் பார்த்துப் பெண் என்று யாராலும் சொல்ல முடியாது. தொட்டியில் ஒரு ஆண் தலையெடுத்துவிட்டால், அதற்கு அடங்கிப்போகும் மற்ற ஆண்கள் நெடுநாள் மஞ்சளாகவே ஒளிந்திருக்கும். நீல மீனை வெளியே எடுத்த சில வாரங்களில் இன்னொன்றுக்கு நீலம் ஏறினால் ஆச்சரியப்படாதீர்கள்.

சந்தேகம் தீர ஒரே வழி, அடிவயிற்றைப் பார்ப்பதுதான். மீன் ஆறேழு சென்டிமீட்டராவது வளர்ந்திருக்க வேண்டும். ஈர வலையிலேயே, நனைத்த கையால் மல்லாத்திப் பிடியுங்கள். குதத் துடுப்புக்கு முன்னால் இரண்டு துவாரங்கள் தெரியும். தலைப்பக்கம் இருப்பது ஆசனவாய், வால்பக்கம் இருப்பது இனப்பெருக்கத் துவாரம். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் ஆண். பின்னால் இருப்பது கண்ணுக்குத் தெரியும்படி பெரிதாக அகன்றிருந்தால் பெண். சில நொடிகளில் பார்த்துவிட்டுத் தண்ணீரில் விட்டுவிடுங்கள். தாடை உப்பிய மீனை மட்டும் இப்போது தொடாதீர்கள், பயத்தில் முட்டையைத் துப்பிவிடும்.

ஆம், அதன் வாயில் இருப்பது முட்டைதான். சவுலோசி போன்ற, மலாவி ஏரியின் பாறைகளை அண்டி வாழும் ம்புனா மீன்களில் அடைகாப்பது தாய் மட்டுமே, அதுவும் வாய்க்குள். பெண் சில முட்டைகளை இட்டுத் திரும்பி உடனே வாயில் பொறுக்கிக்கொள்ளும். ஆணின் குதத் துடுப்பில் முட்டை போலவே மஞ்சள் புள்ளிகள் இருக்கும். பெண் அந்தப் புள்ளிகளைக் கொத்தப் போகும்போது ஆண் விந்தைப் பீய்ச்ச, முட்டைகள் வாய்க்குள்ளேயே கருவுறும். கப்பி பெண்ணைப் போல விந்தைச் சேமித்து வைத்துக்கொள்ளும் வழக்கம் இவற்றுக்கு இல்லை. ஆணே இல்லாத தொட்டியிலும் பெண் முட்டையிடும், வாயிலும் எடுக்கும். ஆனால் அவை கருவுறாதவை என்பதால் பெரும்பாலும் சில நாட்களில் துப்பிவிடும் அல்லது விழுங்கிவிடும். ஆணை எடுத்த பிறகு ஒரு மீன் புதிதாக முட்டையை வாயில் எடுத்து, மூன்று வாரம் போலச் சுமந்து குஞ்சு விட்டதென்றால், உள்ளே இன்னொரு ஆண் இருக்கிறது.

பெண்கள் மட்டும் உள்ள தொட்டி நடக்குமா என்றால், ம்புனாவில் நன்றாகவே நடக்கும். இந்த இனங்களில் இடம்பிடித்துச் சண்டை போடுவது பெரும்பாலும் ஆண்தான். பெண்களுக்குள்ளும் யார் பெரியவள் என்ற தகராறு உண்டு, துடுப்பு கிழியும். ஆனால் கூட்டமாக வைத்தால் அது ஒரே மீன் மேல் விழாமல் பரவிப்போகும். நான்கடி தொட்டிக்குப் பத்துப் பன்னிரண்டு பெண்கள், ஒளிய இடம் கிடைக்கும்படி அடுக்கிய பாறைகள், வாரம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றம், இவ்வளவு போதும். ஆண் இல்லாததால் வெவ்வேறு இனப் பெண்களைச் சேர்த்தாலும் கலப்புக் குஞ்சுகள் வராது. ஆரட்டஸ் மட்டும் வேண்டாம். மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட அந்தப் பெண் மீன் அழகுதான், ஆனால் ஆணுக்குக் குறையாத மூர்க்கம்.

கான்விக்ட் கூடவே கூடாது. அது ஜோடி சேர்ந்து, தரையில் முட்டையிட்டு, தாயும் தகப்பனுமாகக் காவல் காக்கும் மீன். அங்கே பெண்ணும் காவலாளி. முட்டை கருவுறாவிட்டாலும் பக்கத்தில் வந்ததை அடித்துத் துரத்தும். ஏஞ்சல் மீனில் இரண்டு பெண்களே ஜோடி சேர்ந்து முட்டையிட்டு, வெளுத்துப்போகும் அந்த முட்டைகளைக் காத்து நிற்பதுண்டு. ஆகவே பெண்களை மட்டும் வைக்கலாமா என்று முடிவு செய்வதற்கு முன், அந்த இனம் குஞ்சை எப்படி வளர்க்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தொட்டி விஷயத்தில் என் யோசனை வேறு. அந்த நீல ஆணை எடுக்காதீர்கள். ஓர் ஆணுக்கு ஒன்பது பெண்கள் என்பது சவுலோசிக்கு மிகப் பொருத்தமான கணக்கு, விரட்டல் பங்கிடப்பட்டுவிடும். இன்னொரு ஆண் வெளிப்பட்டால் அதை மட்டும் பிரித்துவிடுங்கள். குஞ்சுகளை நினைத்துக் கவலை வேண்டாம். தாயைத் தனியே பிரிக்காமல் விட்டால் பெரும்பாலான குஞ்சுகளைப் பெரிய மீன்களே தின்றுவிடும். பாறையிடுக்கில் ஒன்றிரண்டு தப்பினால் வளரட்டும். சவுலோசி இயற்கையில் மலாவி ஏரியின் தைவான் ரீஃப் என்ற ஒரே பாறைத்திட்டைச் சேர்ந்தது. மீன் வணிகத்துக்காகப் பிடித்துப் பிடித்து அங்கேயே அருகிப்போய், அழியும் விளிம்பில் நிற்கிறது. கலப்பில்லாத ஒரு கூட்டம் கையில் இருப்பதை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன்.

எக்காரணம் கொண்டும் மிஞ்சிய மீனை ஏரியிலோ கிணற்றிலோ விடாதீர்கள். நம் ஏரிகளை நிறைத்திருக்கும் ஜிலேபியும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த, வாயில் அடைகாக்கும் சிச்லிட்தான். நாட்டு மீன்களுக்கு அதனால் நேர்ந்த கதி போதும். வேண்டாத மீனைக் கடையில் திருப்பிக் கொடுங்கள், அல்லது வளர்க்கிற ஒருவருக்குக் கொடுங்கள். அடைகாக்கும் தாய் குஞ்சு விட்டதும் மெலிந்திருக்கும். மற்றவை விரட்டாத மூலையாகப் பார்த்து, ஸ்பைருலினா கலந்த சின்ன பெல்லெட்டை நாளைக்கு இரண்டு மூன்று முறை கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள்.