சூடு செய்யும் வேலையை நேரம் செய்யுமா?

வெயில் ஏறினால் கோல்டு ப்ரூ பற்றிய பேச்சும் ஏறிவிடுகிறது. காபிப்பொடியைப் பச்சைத் தண்ணீரில் போட்டு இரவு முழுக்க வைத்திருந்து, காலையில் வடிகட்டிக் குடிப்பது. செய்முறை அவ்வளவுதான். அடுப்பு வேண்டாம், பக்கத்தில் நிற்கவும் வேண்டாம். ஆனால் இந்த எளிய பானத்தைச் சுற்றி நம்பிக்கைகள் நிறையச் சேர்ந்துவிட்டன. அமிலமே கிடையாது, காஃபீன் குறைவு, எத்தனை மணி நேரம் ஊறுகிறதோ அத்தனைக்கு நல்லது, சமையலறை மேடையிலேயே விட்டுவிடலாம் என்றெல்லாம் சொல்கிறார்கள். சில பாதி உண்மை, சில முழுத் தவறு. கடைசியாகச் சொன்னது நம் ஊர் வெயிலில் ஆபத்தானதும்கூட.

கொதிக்கும் தண்ணீர் காபிப்பொடியில் என்னென்ன செய்கிறது என்று பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். காஃபீனையும் மற்றச் சுவைப்பொருள்களையும் நிமிடங்களில் கரைத்து இறக்குகிறது. குளிர்ந்த நீருக்கு எளிதில் வசப்படாத சில அமிலங்களையும் கசப்புகளையும் வெளியே இழுக்கிறது. தண்ணீரில் இருக்கும் கிருமிகளைக் கொல்கிறது. கோல்டு ப்ரூவில் சூட்டின் இடத்தில் நேரத்தை வைக்கிறோம். முதல் வேலையை நேரம் ஏறக்குறைய முழுவதும் செய்துவிடும். இரண்டாவதை ஓரளவு செய்யும். மூன்றாவதைச் செய்யவே செய்யாது.

“ஆறின டிகாஷனை ஃப்ரிட்ஜில் வைத்தால் அதுவும் கோல்டு ப்ரூதானே?”

இல்லை. அது குளிர்ந்த டிகாஷன். வெந்நீர் பட்டபோதே எது இறங்க வேண்டுமோ அது இறங்கிவிட்டது. பிறகு குளிரவைப்பதால் அது மாறாது. ஹோட்டலில் பாலும் ஐஸ்கிரீமும் சேர்த்து அடித்துத் தரும் கோல்டு காபியும் வேறு. பச்சைத் தண்ணீரிலேயே ஊறி இறங்கினால்தான் கோல்டு ப்ரூ. இன்ஸ்டன்ட் பொடியில் இதைச் செய்யவே முடியாது. ஆலையில் ஏற்கெனவே காபி இறக்கி, அதை உலர்த்தித்தான் அந்தப் பொடியைச் செய்கிறார்கள். ஊறி இறங்க அதில் ஒன்றும் மிச்சமில்லை.

“இது நேற்று வந்த மோஸ்தர்”

பெரிய காபிக் கடைகள் இதைப் பரப்பியது அண்மையில்தான். ஸ்டார்பக்ஸ் அமெரிக்கக் கடைகளில் 2015இல் இதைப் பரவலாகக் கொண்டுவந்தது. ஆனால் டாட் சிம்ப்சன் என்ற வேதிப் பொறியாளர் வீட்டில் ஊறவைத்து வடிக்க ஒரு சாதனத்தை உருவாக்கியது 1964இல். ஜப்பானில் சொட்டுச் சொட்டாகக் குளிர்ந்த நீர் விட்டுக் காபி இறக்கும் முறைக்கு கியோட்டோ நகரத்தின் பெயரே நிலைத்துவிட்டது.

“அமிலம் இல்லை, அதனால் வயிற்றுக்கு ஒன்றும் செய்யாது”

அதிகம் பேர் நம்புவது இதைத்தான், எனக்கு அதிகம் கவலை தருவதும் இதுதான். ஏனென்றால், நெஞ்செரிச்சலால் மருத்துவர் காபியைக் குறைக்கச் சொன்னவர்கள் இதை மருந்துபோல் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஃபிலடெல்ஃபியாவில் நைனி ராவ், மேகன் ஃபுல்லர் என்ற இரு வேதியியலாளர்கள் பல நாட்டுக் காபிகளைச் சூடாகவும் குளிராகவும் இறக்கி அளந்து பார்த்து 2018இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு இரண்டு வகையிலும் ஏறக்குறைய ஒன்றுதான், 4.85க்கும் 5.13க்கும் இடையில் இருந்தது. அப்படியானால் குடிக்கும்போது நாக்குக்குக் கோல்டு ப்ரூ மென்மையாகத் தெரிவது பொய்யா? பொய்யில்லை. பி.எச். என்பது அப்போது சட்டைப்பையில் இருக்கும் சில்லறை. பெட்டியில் இருக்கும் மொத்தப் பணம் வேறு கணக்கு. இரண்டிலும் சில்லறை ஒரே அளவு, மொத்த அமிலம் மட்டும் சூடான காபியில் கூடுதல். 2022இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் பயிற்சி பெற்ற சுவைஞர்களை வைத்து நடத்திய ஆய்விலும் குளிரில் இறக்கியதில் கசப்பும் புளிப்பும் குறைந்து, பூ மணம் தூக்கலாக இருந்தது தெரியவந்தது.

ஆகவே சுவை மென்மை என்பது உண்மை. வயிற்றுக்குப் பாதுகாப்பு என்பது அதிலிருந்து தானாக வந்துவிடாது. காபி இரைப்பையைத் தூண்டி அமிலம் சுரக்க வைக்கிறது; கோப்பையில் இருக்கும் அமிலம் கதையின் ஒரு பகுதிதான். சிலருக்கு இது ஒத்துக்கொள்ளலாம், சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அல்சர் உள்ளவர்கள் இதை நம்பி வெறும்வயிற்றில் குடிக்க வேண்டாம்.

கோல்டு ப்ரூவில் ஆன்டிஆக்ஸிடன்ட் அதிகம் என்ற பேச்சையும் அதே 2018 ஆய்வு மறுக்கிறது. அது சூடான காபியில்தான் கூடுதலாக இருந்தது.

“குளிர்ந்த தண்ணீரில் காஃபீன் இறங்காது”

நன்றாகவே இறங்கும். அறைச் சூட்டில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் அளவுக்குக் காஃபீன் கரையும். நூறு கிராம் அரபிகா வகைப் பொடியில் இருப்பதே ஒரு கிராமுக்குச் சற்று மேல்தான். தண்ணீருக்கு இடம் தாராளம், வேண்டியது நேரம் மட்டும்.

கோல்டு ப்ரூவில் காஃபீன் கூடுதலா குறைவா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. எவ்வளவு பொடிக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு கலந்து குடிக்கிறோம் என்பதுதான் விடை. நூறு கிராம் அரபிகாவை 800 மில்லி தண்ணீரில் ஊறவைத்ததாக வைத்துக்கொள்வோம். காஃபீன் முழுவதும் இறங்கினால் 100 மில்லிக்கு 150 மில்லிகிராம் வரை இருக்கும். இதை டிகாஷன் என்று நினைத்துச் சமமாகத் தண்ணீரோ பாலோ கலந்தால், 150 மில்லி டம்ளரில் 110 மில்லிகிராம் அளவில் வரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, இறக்கிய காபி ஒரு கோப்பையில் 80 முதல் 120 மில்லிகிராம் என்று சொல்கிறது. ஆக, சாதாரணக் காபிக்குச் சமம். கலக்காமல் ஐஸ்கட்டி மட்டும் போட்டு ஒரு பெரிய டம்ளர் குடித்தால், அந்த வழிகாட்டி ஒரு நாளைக்கே வைத்திருக்கும் 300 மில்லிகிராம் வரம்பை ஒரே மூச்சில் தொட்டுவிடலாம். ரொபஸ்டா வகையாக இருந்தால் காஃபீன் ஏறக்குறைய இரட்டிப்பு. கசப்பு குறைவாக இருப்பதால் நாக்கு எச்சரிக்காது. கர்ப்பிணிகளும் தூக்கம் வராதவர்களும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

“ஊற ஊறத்தான் ஸ்ட்ராங்”

ராவும் ஃபுல்லரும் 2017இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், காஃபீன் இறங்குவது ஆறேழு மணி நேரத்தில் நின்றுவிட்டது. அது அறைச் சூட்டில் நடந்தது. ஃப்ரிட்ஜில் வேகம் குறையும் என்பதால் பன்னிரண்டிலிருந்து பதினாறு மணி நேரம் போதும் என்பது என் கணிப்பு. இரண்டு நாள் வைத்தால் ஸ்ட்ராங் கூடாது, மரக்கட்டை வாடை கூடும்.

“வீட்டில் இருக்கும் ஃபில்டர் பொடியே போதும்”

செய்யலாம், ஆனால் நன்றாக வராது. காரணமாகப் பலரும் சிக்கரியைக் குறை சொல்கிறார்கள். முதல் குற்றவாளி அரைத்த பதம். ஃபில்டர் பொடி சன்னமானது. வெந்நீர் அதன் வழியே இறங்கிப் போய்விடுவதால் அங்கே அது பொருந்துகிறது. பன்னிரண்டு மணி நேரம் நீரிலேயே கிடந்தால் சேறாகிவிடும், துணியை அடைத்துக்கொள்ளும், எவ்வளவு வடிகட்டினாலும் அடியில் மண்டி நிற்கும். நம் ஊரில் வறுத்து அரைத்துத் தரும் கடைகள் இன்னும் இருப்பது பெரிய வசதி. ரவைப் பதத்தில், அதுவும் பெரிய ரவையாக அரைத்துத் தரச் சொன்னால் தருவார்கள். பீபரி, பிளான்டேஷன் ஏ என்ற கொட்டை வகைகளில் ஒன்றை, கருக விடாமல் நடுத்தர வறுப்பில் வாங்குங்கள். சேர்வராயன் மலையிலும் கீழ்ப்பழனி மலையிலும் விளையும் அரபிகாவின் தனிச்சுவை, சூடும் பாலும் இல்லாத இந்த முறையில் தெளிவாகத் தெரியும். பழைய பொடியைத் தீர்க்க இதுதான் வழி என்று நினைப்பவர்களுக்கு அந்தப் பழமைதான் முதலில் தெரியும்.

சிக்கரிக்கு வருவோம். அது ஒரு வேரை வறுத்து அரைத்தது. காஃபீன் கிடையாது, ஆனால் தண்ணீரில் தாராளமாகக் கரைந்து கறுப்பு நிறத்தையும் கெட்டித்தன்மையையும் கொடுக்கும். நிறத்தைப் பார்த்து ஸ்ட்ராங் என்று ஏமாறக் காரணம் இதுதான். சட்டப்படி கலவைப் பொடியில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எவ்வளவு என்று பாக்கெட்டில் அச்சிட்டிருக்க வேண்டும். அதைப் படித்துவிட்டு வாங்குங்கள். சிக்கரி சேர்த்த கோல்டு ப்ரூ தவறும் அல்ல. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் வேண்டுமென்றே சிக்கரி சேர்த்துக் குளிர்ந்த நீரில் இறக்கிப் பால் கலந்து குடிக்கிறார்கள். நம் நாக்குக்கு அது அந்நியமாக இருக்காது.

பாத்திரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூடியுள்ள கண்ணாடி ஜாடி அல்லது எவர்சில்வர் தூக்கு, டீ வடிகட்டி, வெள்ளைத் துணி. ஆயிரக்கணக்கில் விலையுள்ள சாதனம் சுவையைக் கூட்டாது, வடிகட்டும் வேலையைத்தான் குறைக்கும். துணியைப் பிழிய வேண்டாம், பிழிந்தால் மண்டி வந்துவிடும். பொடி தன் எடையைப்போல் இரு மடங்கு தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். 800 மில்லி ஊற்றினால் 600 மில்லிதான் கிடைக்கும்.

“அறை வெப்பநிலையில் இரவு முழுக்க வைக்கலாம்”

செய்முறைகளில் வரும் இந்த அறை யாருடைய அறை? குளிர்நாட்டில் இருபது சொச்சம் டிகிரியில் இருக்கும் அறை. மே மாதத்தில் மதுரையிலோ வேலூரிலோ சமையலறை இரவிலும் முப்பதுக்கு மேல் இருக்கும். கிருமிகள் 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் பெருகும், நம் உடல் சூட்டுக்குப் பக்கத்தில் மிக வேகமாக. டிகாஷன் போடும்போது தண்ணீர் கொதிப்பதால் நாம் தண்ணீரைப் பற்றி யோசிப்பதே இல்லை. இதில் கொதி என்ற கட்டமே இல்லை. குழாய்த் தண்ணீரிலோ கேன் தண்ணீரிலோ இருப்பது, பாத்திரத்தில் ஒட்டியிருப்பது, ஈரத்துணியில் இருப்பது எல்லாம் அப்படியே டம்ளருக்கு வரும்.

காபி கறுப்பாகவும் கசப்பாகவும் இருப்பதால் கெடாது என்ற எண்ணமும் தவறு. உணவில் பி.எச். 4.6க்கு மேல் இருந்தால், காற்றுப் புகாமல் மூடிய நிலையில் போட்டுலினம் என்ற கொடிய நச்சுக் கிருமி வளர இடம் உண்டு. கோல்டு ப்ரூ அந்தக் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறது. 2017இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம், டப்பாவில் அடைத்த தன் கோல்டு ப்ரூவை இந்த அச்சத்தாலேயே சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. யாருக்கும் நோய் வரவில்லை, முன்னெச்சரிக்கைதான். வீட்டில் சில நாள் ஃப்ரிட்ஜில் வைத்துக் குடிப்பதில் அந்த ஆபத்து மிகக் குறைவு. இறுக்கி மூடி அலமாரியில் வைப்பதுதான் கூடாது.

செய்ய வேண்டியது கடினமில்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்து, மூடி ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். ஜாடியையும் துணியையும் வெந்நீரில் போட்டெடுங்கள், துணியை வெயிலில் காயவையுங்கள். பொடியும் தண்ணீரும் கலந்தவுடன் ஜாடி ஃப்ரிட்ஜுக்குள் போகட்டும். ஐஸ்கட்டியும் காய்ச்சி ஆறிய தண்ணீரில் செய்ததாக இருக்கட்டும். வடிகட்டியதை நான்கைந்து நாளுக்குள் குடித்துத் தீர்த்துவிடுங்கள். நெடுநேரம் மின்சாரம் போய் ஃப்ரிட்ஜ் சூடாகிவிட்டால் கொட்டிவிடுங்கள்.

சர்க்கரை குளிரில் கரையாமல் அடியில் நிற்கும். நாட்டுச்சர்க்கரையைக் கொஞ்சம் வெந்நீரில் பாகாகக் கரைத்து வைத்துக்கொண்டால் வேண்டியபோது விட்டுக்கொள்ளலாம். சூடு செய்தால் கெட்டுவிடும் என்பதும் உண்மையில்லை. வெந்நீரோ சூடான பாலோ ஊற்றிக் குடிக்கலாம், மென்மை அப்படியே இருக்கும். பாலையும் பாகையும் மட்டும் ஜாடியில் மொத்தமாகக் கலந்து வைக்க வேண்டாம். பால் சேர்ந்தால் காபி கெடும் வேகம் கூடிவிடும், அதனால் அவ்வப்போது டம்ளரில் கலந்துகொள்ளுங்கள்.