தடைப்பட்ட பாதையும் மாற்றுப் பேருந்தும்

புகைவண்டியை நம்பி ஊருக்குப் புறப்படுவோர் நம்மிடையே பலர். ஸ்ரீராம்புரத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் மாணவர்க்கு மெட்ரோவில் இரண்டாம் நிறுத்தம் மெஜஸ்டிக். எதிர்த்திசையில் ஐந்தாம் நிறுத்தம் யஷ்வந்த்பூர். (புகை மறைந்து மின்சாரம் வந்துவிட்டது, பெயரை மட்டும் நாம் விட்டபாடில்லை.) பாதையில் இடையூறு நேர்ந்து வண்டி நின்றுவிட்டால், பயணிகளுக்கு மாற்றுப் பேருந்துகள் ஏற்பாடாகியுள்ளன என்னும் அறிவிப்பு வருகிறது. கேட்டவுடன், கவலை தீர்ந்தது என்று பெட்டியைத் தூக்கிக்கொள்கிறோம். காலத்தாழ்வு பற்றிய கவலை தீர்ந்திருக்கலாம். உயிர்ப் பாதுகாப்பைப் பற்றி எண்ணவேண்டிய நேரமோ அப்போதுதான் தொடங்குகிறது.

நமக்கு மிக அண்மையான எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்போம். 2021ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், தீபாவளி கழிந்த மறுவாரம், கண்ணூரிலிருந்து யஷ்வந்த்பூருக்கு வந்துகொண்டிருந்த விரைவு வண்டியின்மீது, தொப்பூருக்கும் சிவாடிக்கும் இடையே, விடியற்காலை 3.50 மணியளவில் பாறைகள் சரிந்து விழுந்தன. பெட்டிகள் சில தடம் புரண்டன. வண்டியில் இருந்த 2,348 பயணிகளுள் ஒருவர்க்கும் உயிர்ச்சேதம் இல்லை. பாதிப்புறாத பின்பெட்டிகள் தொப்பூருக்கும், அங்கிருந்து சேலத்துக்கும் கொண்டுசெல்லப்பட்டன. தொப்பூரில் 15 பேருந்துகளும், விபத்து நடந்த இடத்தில் 5 பேருந்துகளும் ஏற்பாடு செய்யப்பட்டன. அந்த நேரத்தில், அந்த மலைப்பாங்கான இடத்தில், இது பாராட்டத்தக்க விரைவே.

ஆயினும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு பேருந்தில் 50 பேர் எனக் கொண்டால் 20 பேருந்தில் ஆயிரம் பேர் செல்லலாம். முழு வண்டியையும் சாலைக்கு மாற்றவேண்டுமானால் 47 பேருந்துகள் வேண்டும். 47 பேருந்துகள் என்றால் 47 ஓட்டுநர்கள். விடியற்காலை நான்கு மணிக்கு, முன்னறிவிப்பு ஏதுமின்றி, நன்றாக உறங்கி எழுந்த 47 ஓட்டுநர்களை எந்த மாவட்டத்தில் திரட்டமுடியும்? பேருந்து கிடைத்துவிடும், களைப்பில்லாத ஓட்டுநர் கிடைப்பது அரிது. மாற்றுப் பேருந்தின் உயிர்நாடி இவ்வொரு வினாவிலேயே இருக்கிறது.

இருப்புப்பாதையில் ஒருவர் தவறினால் அதைத் தடுக்க மற்றொன்று நிற்கிறது. ஓட்டுநர்க்குத் துணை ஓட்டுநர் உண்டு, கைகாட்டி உண்டு, முன்வண்டி ஒரு பகுதியை விட்டு நீங்காமல் பின்வண்டி அதனுள் நுழையலாகாது என்னும் முறை உண்டு. இத்தனை இருந்தும் விபத்துகள் நேர்வதை அறிவோம். சாலையிலோ இவற்றுள் ஒன்றும் இல்லை. ஐம்பது உயிர்களும் ஒருவர் கண்ணிமையைப் பொறுத்து நிற்கின்றன. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர் என்பது நடுவண் அரசு வெளியிட்ட கணக்கு.

களைப்பு என்பது எத்துணைக் கொடியது? ஆஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் 1997இல் இதை அளந்து காட்டினர். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவரின் நிலைக்குத் தாழ்ந்துவிடுகிறது. நம் மோட்டார் வாகனச் சட்டம் ஓட்டுநர்க்கு இடும் எல்லை 30 மில்லிகிராம். ஆக, முதல்நாள் காலை எழுந்து, பகலெல்லாம் வேறொரு தடத்தில் ஓட்டிவிட்டு, இரவில் அழைக்கப்பட்டு வருபவர் ஒரு துளியும் அருந்தாமலே அவ்வெல்லையைக் கடந்த நிலையில் அமர்ந்திருக்கக்கூடும். மதுவை ஊதிப் பார்க்கக் கருவி உண்டு. உறக்கத்தை ஊதிப் பார்க்கும் கருவி இல்லை.

சட்டம் இதை அறியாமல் இல்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலைநேரத்தை வரையறுத்தது. நெடுந்தொலைவுத் தடங்களுக்கும் திருவிழாக் காலங்களுக்கும், உரிய அதிகாரியின் ஒப்புதலோடு, 10 மணி வரை நீட்டிக்க இடம் தந்தது. போக்குவரத்துத் தடைப்பட்டாலோ, இயற்கைச் சீற்றம் நேர்ந்தாலோ, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அதற்கு மேலும் தளர்த்திக்கொள்ளலாம் என்றது. அச்சட்டம் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டது. எட்டு மணி என்னும் அளவு அங்கும் உண்டு. நான் சுட்ட விரும்புவது பழைய சட்டத்தின் போக்கை. எந்த நேரத்தில் ஓய்வு மிகமிகத் தேவையோ, அந்த நேரத்துக்கே தளர்வையும் அது எழுதிவைத்தது. இடையூற்றுக் காலத்தில் வேலை பெருகும் என்பது உண்மை. மனித உடல் அதற்கென்று பெருகுவதில்லை அன்றோ?

இனித் தொப்பூரையே மீண்டும் நோக்குவோம். அங்குள்ள தேசிய நெடுஞ்சாலைக் கணவாய் தமிழ்நாட்டில் பெயர்பெற்ற விபத்துக் களம். தருமபுரிப் பக்கமிருந்து சேலம் நோக்கி இறங்கும்போது பளுவண்டிகள் பல வேகம் கட்டுக்கடங்காமல் முன்செல்வனவற்றை மோதுகின்றன. 2024 ஜனவரியில் நேர்ந்த ஒரு மோதலில் நால்வர் மாண்டனர். எரிபொருளை மிச்சப்படுத்தக் கியரை விலக்கி வண்டியை உருளவிடுவதே பல விபத்துகளுக்குக் காரணம் என்பர். கீழ்க்கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். கியரை விலக்கினால் முழுச் சுமையும் பிரேக்கின்மேல் விழும். பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். அத்தடத்தில் நாள்தோறும் ஓட்டுபவர்க்கு இது கைவந்த பாடம். திடீரென அழைக்கப்பட்டு, அறியாத சாலையில் இருளில் வருபவர்க்கோ ஒவ்வொரு வளைவும் புதியது.

வேகத்தைப் பற்றி ஒரு சிறு கணக்கு. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் கடக்கும். இரண்டு நொடி கண்ணயர்ந்தால் 44 மீட்டர் போயிற்று. நிறுத்தும் தூரமோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 60இலிருந்து 80க்கு உயர்த்தினால், பிரேக் அழுத்திய பின் ஓடும் தூரம் ஒன்றே முக்கால் மடங்கைத் தாண்டும். தாமதத்தை ஈடுசெய்ய விரைந்து ஓட்டுங்கள் என்று ஓட்டுநரைத் தூண்டும் பயணிகளுள் நம் மாணவர்களும் உண்டு. இப்பழக்கத்தை விட்டொழித்தல் வேண்டும்.

நெருப்பைப் பற்றிச் சுருங்கச் சொல்வேன். 2013 அக்டோபர் 30 அன்று பெங்களூரிலிருந்து ஐதராபாத் சென்ற பேருந்து பாலெம் அருகே தீப்பற்றி 45 பேர் மாண்டனர். 2025 அக்டோபர் 24 அன்று ஐதராபாத்திலிருந்து பெங்களூர் வந்த பேருந்து கர்னூல் அருகே எரிந்து 19 பயணிகள் மாண்டனர். அவை மாற்றுப் பேருந்துகள் அல்ல. ஆயினும் புகைவண்டிப் பயணிகள் ஏறும்போது பெட்டியும் மூட்டையும் நடைவழியில் குவிகின்றன; அவசர வழி மறைந்துபோகிறது. ஏறியவுடன் அவ்வழி எங்குள்ளது, கண்ணாடி உடைக்கும் சுத்தியல் தொங்குகிறதா என்று பாருங்கள். மறைத்த மூட்டையை இறக்கச் சொல்லுங்கள். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை.

ஒரு விபத்திலிருந்து தப்பியவர் மற்றொன்றில் சிக்குவதும் உண்டு. 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் அருகே நேர்ந்த பெருவிபத்தில் பெங்களூரிலிருந்து ஹவுரா சென்ற வண்டியும் சிக்கியது. அங்கிருந்து காயமுற்றோரை ஏற்றிச் சென்ற பேருந்து ஒன்று மறுநாள் மேற்கு வங்கத்தின் மேதினிப்பூரில் சரக்கு வண்டியோடு மோதியது. ஒன்றுக்கு அஞ்சி மற்றொன்றுக்கு ஓடுவதன் விலையைக் கெர்ட் கிகரென்சர் என்னும் ஜெர்மானிய உளவியலார் கணக்கிட்டார். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப்பின் விமானத்தை விட்டுக் காரில் சென்றதால், ஓராண்டில் ஏறத்தாழ 1,500 அமெரிக்கர் கூடுதலாக மாண்டனர் என்பது அவர் மதிப்பீடு.

அப்படியானால் பேருந்தே வேண்டாவா? வேண்டும், குறுகிய தூரத்துக்கு வேண்டும். 2024 அக்டோபர் 11 இரவு, மைசூரிலிருந்து பெங்களூர் வழியே தர்பங்கா சென்ற பாக்மதி விரைவு வண்டி கவரைப்பேட்டையில் நின்றிருந்த சரக்கு வண்டியை மோதியது. பயணிகளைப் பேருந்துகளில் அடுத்த நிலையமாகிய பொன்னேரிக்குக் கொண்டுசென்றனர். அங்கிருந்து மின்தொடர்வண்டியில் சென்னை சென்ட்ரல். பின்னர்த் தனி வண்டியில் தர்பங்கா. சாலையில் சில கிலோமீட்டர் மட்டுமே, எஞ்சியதெல்லாம் இருப்புப்பாதை. எனக்குத் தெரிந்த ஏற்பாடுகளுள் இதுவே முறையானது.

சில வேளைகளில் ஏறாமல் இருப்பதே நன்று. 2023 டிசம்பர் 17 அன்று, பெருவெள்ளத்தில், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. தண்டவாளத்தின் அடியிலிருந்த சல்லியை வெள்ளம் அரித்துவிட்டது. ஏறக்குறைய 800 பயணிகள். ஒரு பகுதியினரை அருகிலிருந்த பள்ளிக்குக் கொண்டுசென்ற பின் சாலையும் அற்றுப்போனது. எஞ்சியோர் நிலையத்திலேயே இரண்டு நாள் இருந்தனர். பசியும் குளிரும் இருந்தன. ஆயினும் நீர் பாயும் சாலையில் இருளில் பேருந்தைச் செலுத்தியிருந்தால் நிகழ்ந்திருக்கக்கூடியதை எண்ணவே அச்சமாயிருக்கிறது. 19ஆம் நாள் மீட்புப் படையினர் அவர்களை அழைத்துச் சென்று, பேருந்தில் வாஞ்சி மணியாச்சி சேர்த்து, அங்கிருந்து தனி வண்டியில் அனுப்பினர்.

மாணவர் செய்யக்கூடியவை சில உள. அலுவலர் சொல்லாமல் தண்டவாளத்தில் இறங்கலாகாது. 2025 ஜனவரி 22 அன்று ஜள்காவ் அருகே தீ என்னும் வதந்தியால் இறங்கி நின்றோர்மீது, பெங்களூரிலிருந்து தில்லி சென்ற கர்நாடக விரைவு வண்டி ஏறியதில் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பேருந்தில் ஏறுமுன், எப்போது வேலைக்கு வந்தீர்கள் அண்ணா என்று ஓட்டுநரைப் பணிவாகக் கேளுங்கள். விடை அச்சமூட்டினால் நிலைய அலுவலரிடம் சொல்லி வேறொருவரைக் கோருங்கள். 139 என்னும் எண்ணிலும் தெரிவிக்கலாம். பயணச்சீட்டை அழித்துவிடாதீர்கள். புகைவண்டி விபத்துக்கு ரயில்வே இழப்பீட்டுத் தீர்ப்பாயம். பேருந்துப் படியில் கால் வைத்துவிட்டால் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம். ஆகவே பேருந்தின் பதிவெண்ணையும் குறித்துக்கொள்ளுதல் நன்று. புகைவண்டியில் முன்பதிவு செய்தோர் பெயர் பட்டியலில் இருக்கும். அப்பட்டியல் பேருந்துக்கு வருவதில்லை. நோட்டுப் புத்தகம் வைத்திருக்கும் மாணவர் ஒருவர், ஏறியவர் பெயரையும் ஊரையும் இரு படியாக எழுதி, ஒன்றை நிலைய அலுவலரிடம் கொடுத்துவிட்டு ஏறலாம். கால் மணி நேர வேலைதான்.