இன்ஜின் கொதித்து நின்றால்: மறுபடி ஓட்டும் முன் பார்க்க வேண்டியவை



நம் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் பல. வீட்டுத் தேவைக்குப் பழைய கார் வாங்கி வைத்திருப்போரும் உண்டு. இரு ஊர்கள் வழியாகவும் செல்லும் திருமங்கலம்–கொல்லம் தேசிய நெடுஞ்சாலையில் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதை வழியே கேரளாவுக்கும் போகிறோம். சித்திரை, வைகாசி வெயிலில் வழியில் இன்ஜின் கொதித்து நிற்பது நமக்குப் புதிதல்ல.

அப்போது நாம் செய்யும் தவறு ஒன்று உண்டு. தண்ணீர் ஊற்றி, வண்டி ஸ்டார்ட் ஆனதும், "சரியாகிவிட்டது" என்று ஓட்டிவிடுகிறோம். கொதித்த காரணமும் தீரவில்லை, உள்ளே ஏற்பட்ட சேதமும் தெரியவில்லை. கேஸ்கட் மாற்றினால் முடிந்திருக்கும் வேலை, இப்படி ஓட்டியதால் இன்ஜினையே இறக்கும் வேலையாகிவிடுகிறது. கடனில் வாங்கிய வண்டி பட்டறையில் நின்றாலும் மாதத் தவணை நிற்காது.

உள்ளே நடப்பது என்ன?

இன்றைய கார்களில் பெரும்பாலும் சிலிண்டர் ஹெட் அலுமினியம். பல இன்ஜின்களில் அதன் கீழுள்ள பிளாக் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். சூடு அளவு மீறினால் ஹெட் வளைந்து, இரண்டுக்கும் நடுவிலுள்ள கேஸ்கட் விட்டுப்போகும். பிறகு கூலன்ட், ஆயில், எரிந்த புகை மூன்றும் தத்தம் வழியை விட்டு ஒன்றுக்குள் ஒன்று புகும். கீழே சொல்லும் சோதனைகள் எல்லாம் இதைக் கண்டுபிடிக்கத்தான்.

வழியில் செய்ய வேண்டியது

முள் சிவப்பைத் தொட்டாலோ, எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ ஏசியை அணைத்து, ஓரமாக நிறுத்தி, இன்ஜினை ஆஃப் செய்யுங்கள். "ஊர் பக்கத்தில்தானே" என்று ஓட்டாதீர்கள். கூலன்ட் முழுவதும் வெளியேறிவிட்டால், சென்சாரில் தண்ணீர் படாமல் முள் தானாக இறங்கிவிடுவதும் உண்டு. அதை நம்பக் கூடாது.

ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். மூடியைத் திறந்தால் முகத்திலும் கையிலும் சீறி அடிக்கும். குறைந்தது ஒரு மணி நேரமாவது ஆறவிடுங்கள். சூடான இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் ஹெட்டில் வெடிப்பு விழலாம்.

ஆறிய பின், ஸ்டார்ட் செய்யும் முன்

1. ஆயில் கம்பியை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தாலோ, மட்டம் வழக்கத்தைவிட ஏறியிருந்தாலோ அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்யாதீர்கள், வண்டியைக் கட்டி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

2. கூலன்ட் டப்பாவில் ஆயில் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள். மிதந்தால் அதுவும் அதே ஆபத்துதான்.

3. ஹோஸ், ரேடியேட்டர், வாட்டர் பம்ப் அருகே ஒழுகிய தடம் இருக்கிறதா, பெல்ட் அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். கொதித்த காரணம் பெரும்பாலும் இங்கேயே தெரிந்துவிடும்.

ஸ்டார்ட் செய்த பின்

மேற்கண்ட கோளாறு எதுவும் இல்லையென்றால் கூலன்ட் நிரப்பி ஸ்டார்ட் செய்து, அருகிலேயே நின்று கவனியுங்கள். தொடக்கத்தில் சிறிது காற்றுக் குமிழ் வருவது இயல்பு. குமிழ் நிற்காமல் வந்துகொண்டே இருந்தாலோ, இன்ஜின் சூடாகும் முன்பே மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலோ, எரிந்த புகை கூலன்டுக்குள் போகிறது என்று பொருள். சைலன்சரில் வெள்ளைப் புகை விடாமல் வருவது, ஒரு சிலிண்டர் அடிக்காமல் வண்டி உதறுவது, வெளியே ஒழுகாமலே கூலன்ட் குறைவது ஆகியவையும் கெட்ட அறிகுறிகளே. சூடு ஏறியதும் ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஓடாவிட்டால் வண்டி மறுபடி கொதிக்கும்.

பட்டறையில் கேட்க வேண்டியது

சந்தேகம் இருந்தால் கம்ப்ரஷன் சோதனையும், ரேடியேட்டர் அழுத்தச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். ஹெட்டைக் கழற்றினால் வெறும் கேஸ்கட்டை மாற்றி மூடிவிட விடாதீர்கள். நேர்ச்சட்டமும் ஃபீலர் கேஜும் வைத்து வளைவை அளக்க வேண்டும். பல கார்களில் அனுமதிக்கப்படும் வளைவு ஒரு காகிதத்தின் கனம்கூட இருக்காது. அளவு மீறியிருந்தால் லேத்தில் ஃபேசிங் செய்ய வேண்டும். வெடிப்பு இருக்கிறதா என்றும் சோதிக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டையும் ரேடியேட்டர் மூடியையும் கூடவே பார்த்துவிடுவது நல்லது. காரணத்தை விட்டுவிட்டால் புது கேஸ்கட்டும் போய்விடும்.

ஒரு வேண்டுகோள்

கொதித்து ரிப்பேர் பார்த்த வண்டியை விற்கும்போது வாங்குபவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். குறையை மறைத்து விற்பதை நம் மார்க்கம் அனுமதிக்கவில்லை. பழைய கார் வாங்குவோரும், இன்ஜின் ஆறியிருக்கும்போதே போய் ஆயில் கம்பியையும் கூலன்ட் டப்பாவையும் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

வீட்டில் வண்டி ஓட்டும் பிள்ளைகளை உட்காரவைத்து இதைப் படித்துக் காட்டுங்கள். வழியில் ஒரு மணி நேரம் காத்திருக்க அவர்களுக்குப் பொறுமை இருந்தால், ஒரு குடும்பத்தின் பிழைப்பு காப்பாற்றப்படும்.