கரீபியக் குடும்பங்களும் நியூயார்க் தனியார் பள்ளிகளும்

(பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு)

முன்னுரை

அறிவுள்ள குழந்தைக்குப் பள்ளியில் இடம் தானே கிடைத்துவிடும் என்பது நம்மில் பலரின் நம்பிக்கை. ஆனால் விண்ணப்பம் எப்போது வாங்குவது, எதை இணைப்பது, யாரைக் கேட்பது என்பன தெரியாமல் இடத்தை இழந்த குழந்தைகள் எந்த நாட்டிலும் உண்டு. எங்கள் வீட்டில் கல்லூரி விண்ணப்பத்தை முதன்முதலில் நிரப்பியவன் நான் என்பதால் இப்பொருள் என் மனத்தைத் தொட்டது. நியூயார்க்கில் குடியேறிய கரீபியக் குடும்பங்களுக்குத் தனியார் பள்ளிச் சேர்க்கையில் எவ்வகை உதவி தேவைப்படுகிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

குடியேறியவர்கள் யார்?

1965ஆம் ஆண்டில் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தைத் திருத்தியது. அதன்பின் ஜமைக்கா, டிரினிடாட், கயானா, பார்படோஸ், ஹெய்ட்டி முதலிய நாடுகளிலிருந்து பெருந்திரளான மக்கள் நியூயார்க் வந்தனர். புரூக்ளின் பகுதியின் பிளாட்புஷ், கிரவுன் ஹைட்ஸ் ஆகியவை அவர்களுடைய பேட்டைகள். குவீன்ஸ் பகுதியின் ரிச்மண்ட் ஹில்லில் கயானா இந்தியர் மிகுதி. அவர்களுள் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகளின் வழித்தோன்றல்களும் உளர். அவர்கள் மாரியம்மன் வழிபாட்டை இன்றும் கைவிடவில்லை.

இரு முறைகளின் வேறுபாடு

கரீபிய நாடுகள் பலவற்றில் உயர்நிலைப் பள்ளி இடத்தைப் பெரும்பாலும் ஒரே பொதுத்தேர்வே முடிவு செய்கிறது. டிரினிடாட்டில் பழைய பொது நுழைவுத் தேர்வுக்குப் பதிலாக 2001இலும், ஜமைக்காவில் 2019இலும் புதிய தேர்வுகள் வந்தன. தேர்வின் பெயர் மாறினாலும், 'மதிப்பெண் வாங்கினால் இடம்' என்ற எண்ணம் மாறவில்லை.

நியூயார்க் தனியார் பள்ளியிலோ நுழைவுத் தேர்வு பல கூறுகளில் ஒன்றே. அதனுடன் முந்தைய ஆண்டுகளின் மதிப்பெண் பட்டியல், ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம், மாணவரின் கட்டுரை, பெற்றோரின் கடிதம், நேர்காணல் ஆகியனவும் சேரும். 'ஐ.எஸ்.இ.இ.' என்னும் தேர்வில் எழுதும் கட்டுரைக்கு மதிப்பெண்ணே இல்லை. ஆயினும் அதன் படி பள்ளிக்குச் செல்கிறது. மதிப்பெண் இல்லையே என்று அதை அரைகுறையாக எழுதிவிட்டால் நட்டம் குழந்தைக்குத்தான்.

உதவி எங்கே தேவை?

முதலாவது, காலம். அடுத்த செப்டம்பரில் சேர வேண்டிய குழந்தைக்கு முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். கோடையில் வந்திறங்கி உடனே பள்ளி தேடுவோருக்கு அவ்வாண்டு பெரும்பாலும் கைநழுவிவிடும்.

இரண்டாவது, சான்றுகள். கரீபியப் பள்ளிகளில் வகுப்புக்கு 'ஃபார்ம்' என்று பெயர்; பழைய சென்னை மாகாணத்திலும் அவ்வாறே வழங்கினர். அங்கு நல்ல மதிப்பெண்ணாகக் கருதப்படுவது அமெரிக்கருக்குச் சாதாரணமாகத் தோன்றலாம். ஆகவே வகுப்பில் எத்தனை பேர், மாணவர் எத்தனையாவது இடம் என்று விளக்கும் குறிப்பைப் பழைய பள்ளியிலிருந்து பெற்று இணைப்பது நன்று.

மூன்றாவது, நேர்காணல். பெரியவர் முன் வாய் திறவாதிருப்பதே பணிவு என்று வளர்ந்த குழந்தை, கேட்டதற்கு மட்டும் ஒரு சொல்லில் விடையளிக்கும். நேர்காணல் செய்பவரோ அதை ஆர்வமின்மை என்று எண்ணிவிடலாம். ஆசிரியரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று பெற்றோரும் தயங்குவர். அந்தப் பணிவை விட்டுவிடுமாறு சொல்ல வேண்டியதில்லை. அங்கே கேள்வி கேட்பது அவமதிப்பாகாது என்று எடுத்துச் சொன்னால் போதும்.

நான்காவது, பணம். மான்ஹாட்டனின் பெரிய பள்ளிகள் பலவற்றில் ஆண்டுக் கட்டணம் 60,000 டாலருக்கும் மேல். இத்தொகையைக் கேட்டவுடனே பலர் திரும்பிவிடுவர். ஆனால் குடும்ப வருவாய்க்கேற்ப உதவித்தொகை உண்டு. அதற்குத் தனி விண்ணப்பமும் தனிக் கெடுவும் உண்டு. தாயகத்திலுள்ள முதியோருக்கு மாதந்தோறும் அனுப்பும் பணத்தையும் விளக்கக் கடிதத்தில் எழுத வேண்டும். புத்தகம், சுற்றுலா, மதிய உணவு ஆகியவை உதவித்தொகையில் அடங்குமா என்பதையும் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

துணைநிற்கும் அமைப்புகள்

1963இல் தொடங்கிய 'எ பெட்டர் சான்ஸ்' அமைப்பு, திறமையுள்ள சிறுபான்மை மாணவரை நல்ல பள்ளிகளில் சேர்க்கிறது. 1978இல் கேரி சைமன்ஸ் என்ற பொதுப்பள்ளி ஆசிரியர் நியூயார்க்கில் 'பிரெப் ஃபார் பிரெப்' அமைப்பைத் தொடங்கினார். அதில் தேர்வாகும் மாணவர்கள் இரண்டு கோடைகள் உட்படப் பதினான்கு மாதம் கடுமையாகப் படித்த பின்னரே தனியார் பள்ளியில் சேர்கின்றனர்.

முடிவுரை

இத்தகைய இடங்கள் மிகச் சில. எஞ்சிய பெரும்பான்மைக் குழந்தைகள் பொதுப்பள்ளிக்கே செல்வர். குடியுரிமை ஆவணமில்லாத குழந்தைக்கும் அங்கே இடமுண்டு என்று 1982இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுப்பள்ளிகள் உயராமல் இச்சிக்கல் முழுதும் தீராது என்பதே என் கருத்து. ஆயினும் அதுவரை, தகுதியுள்ள ஒரு குழந்தை கெடு நாள் தெரியாத ஒரே காரணத்தால் வெளியே நிற்கக் கூடாது. உதவுபவர் பெற்றோருக்குப் பதிலாகத் தாமே பேசிவிடாமல், அவர்களையே பேச வைக்க வேண்டும். அப்படிக் கற்றுக்கொண்ட தாய் அடுத்த ஆண்டு பக்கத்து வீட்டாருக்கு வழிகாட்டுவாள். ஒரு குடும்பத்துக்குச் செய்த உதவி இவ்வாறு ஒரு தெருவுக்கே பயன்படும்.