வெள்ளையடிப்பதற்கு முன்

அன்புள்ள தங்கைக்கு,

வீட்டை விற்பது என்று முடிவானதும் பெரும்பாலான குடும்பங்களில் முதல் போன் பெயிண்டருக்குத்தான் போகிறது. நாலைந்து நாளில் சுவரெல்லாம் பளிச்சென்று ஆகிவிடும், வருகிறவர் பார்த்ததும் பிடித்துப்போய் அட்வான்ஸ் கொடுத்துவிடுவார் என்று ஒரு நம்பிக்கை. வருகிறவரோ தனியாக வருவதில்லை. மனைவி வருவார், அனுபவப்பட்ட மாமனார் வருவார், தெரிந்த மேஸ்திரி ஒருவரும் கூட வருவார். மேஸ்திரியின் கண் புது பெயிண்டில் நிற்காது. குனிந்து, தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குள் விரலை மடக்கிச் சுவரைத் தட்டுவார். பூச்சு விட்டிருந்தால் பொத்தென்று சத்தம் வரும். பெயிண்டுக்குக் கொடுத்த பணம் அந்த இடத்திலேயே வீண். அதைவிடப் பெரிய நஷ்டம், 'இதை மறைத்தவர்கள் இன்னும் எதையெல்லாம் மறைத்தார்களோ' என்று மாமனார் மனதில் விழும் சந்தேகம்.

தாத்தா, பாட்டி கட்டிய வீடுகளை விற்கும் வேலை இப்போது உன் வயதுப் பிள்ளைகள் கைக்கு வந்து சேர்கிறது. வீடு தாம்பரத்திலோ திருச்சியிலோ இருக்கும். பிள்ளைகள் பெங்களூரிலோ துபாயிலோ இருப்பார்கள். பத்து நாள் லீவில் வந்து எல்லாவற்றையும் முடித்துவிடப் பார்க்கிறார்கள். வீட்டைத் தயார் செய்வது என்றால் அலங்காரம் என்று நினைத்துவிடாதே. வாங்குகிறவர் குடிவந்து ஆறு மாதத்தில் கண்டுபிடிக்கப்போவதை, விற்கிறவர் இன்றைக்கே வாய்திறந்து சொல்லக்கூடிய நிலைக்கு வீட்டைக் கொண்டுவருவதுதான் தயாரிப்பு.

சட்டம் கேட்பதும் அதைத்தான். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 55-ஆவது பிரிவு. ஒப்பந்தத்தில் வேறு விதமாகப் பேசிக்கொள்ளாதவரை, தனக்குத் தெரிந்த பெரிய குறை எதையும் விற்கிறவர் மறைக்கக்கூடாது. கட்டடத்தில் உள்ள குறை மட்டுமல்ல, சொத்தின் உரிமையில் உள்ள குறையும் இதில் சேரும். வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்ணில் படாத குறை என்றால் அதைச் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாமல் விட்டால் மோசடி என்று அந்தப் பிரிவே சொல்கிறது.

வீட்டின் குறைகளை அறிய மழையைப் போல நல்ல ஆசிரியர் கிடையாது. சென்னையில் ஆண்டுக்குப் பெய்யும் சுமார் 1,400 மில்லிமீட்டரில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடுகிறது. அந்த மூன்று மாதமும் வீட்டில் யாராவது ஒருவர் கையில் சாக்பீஸோடு இருந்தால் போதும். கூரையில் ஈரம் படரும் இடம், ஜன்னல் மேல் சன்ஷேடு ஒழுகும் இடம், ஓதம் ஏறும் சுவர் என்று வட்டம் போட்டு வைக்கலாம். மழைக்காலம் கைவிட்டுப் போய்விட்டதா? மொட்டைமாடியில் மழைநீர்க் குழாய்களின் வாயை அடைத்து, இரண்டங்குலத் தண்ணீரைக் கட்டி ஒரு நாள் முழுக்க விட்டுப் பார்க்கச் சொல். சதுர மீட்டருக்கு 50 கிலோ பாரம் கூடும். கம்பி துருப்பிடித்து சிமென்ட் பெயர்ந்து விழும் பழைய கூரை என்றால் பொறியாளர் ஒருவரைக் கேட்காமல் இதைச் செய்யக்கூடாது.

ஓதத்தைக் கொஞ்சம் விரிவாகவே புரிந்துகொள். பழைய வீடுகள் விலை பேசும்போது அடிவாங்குவது பெரும்பாலும் இதில்தான். மண்ணிலிருக்கும் ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலே ஏறுகிறது. வரும்போது உப்பையும் கரைத்துக்கொண்டு வருகிறது. சுவரின் வெளிப்பரப்பில் தண்ணீர் ஆவியாகிப் போய்விட, உப்பு மட்டும் தங்கிப் படிகமாகி, பெயிண்டையும் பட்டியையும் உள்ளிருந்து தள்ளுகிறது. அதனால்தான் ஈரச் சுவரின் மேல் எத்தனை முறை பட்டி பார்த்தாலும் சில மாதத்தில் பொரிப்பொரியாக உதிர்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை இருந்தால் முதலில் குழாய்க் கசிவைத் தேட வேண்டும். பல வீடுகளில் ஓதத்துக்குக் காரணம் மண்ணல்ல, குழாய்தான். கசிவை அடைத்து, கெட்ட பூச்சைக் கொத்தி எடுத்து, சுவரை நன்றாகக் காயவிட்டு, அப்புறம்தான் பூச வேண்டும். காயவிடும் வாரங்களை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள்தான் இரண்டாம் முறையும் செலவு செய்கிறார்கள். மண்ணிலிருந்தே ஏறும் ஓதம் என்றால் சரிசெய்யச் செலவு அதிகம். அப்போது ஒரு பொறியாளரிடம் எஸ்டிமேட் எழுதி வாங்கி, வருகிறவரிடம் காட்டி, அந்தத் தொகையை விலையில் குறைத்துக்கொள்வது மேல். எழுதிய எஸ்டிமேட் கையில் இருந்தால் பேரம் அதோடு நிற்கும். இல்லாவிட்டால் மாமனார் தன் மனக்கணக்கில் அதை மூன்று மடங்காக்கிவிடுவார்.

வேலை செய்ய ஆடி மாதம் வசதி. ஆடியிலும் மார்கழியிலும் வீடு வாங்கவோ பத்திரம் பதியவோ பலர் முன்வர மாட்டார்கள். ஆடியில் மராமத்தை முடித்தால் ஆவணியில் காட்டலாம்; மழையில் குறித்து மார்கழியில் முடித்தால் தையில் காட்டலாம்.

சுவர் காய்கிற நேரத்தில் காகிதங்களைத் தேடலாம். விற்பனை பாதியில் நின்றுபோகும் வீடுகளில் அநேகமாகக் குறை கட்டடத்தில் இருப்பதில்லை, ஃபைலில் இருக்கிறது. கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்கள், பட்டா, அனுமதி பெற்ற கட்டட வரைபடம், சொத்து வரி, குடிநீர் வரி ரசீதுகள், மின் கட்டண அட்டை எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும். வில்லங்கத்தைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் கட்டணமில்லாமலே பார்த்துவிடலாம். வாங்குகிறவர் பார்ப்பதற்கு முன் விற்கிறவர் பார்த்துவிட வேண்டும். எப்போதோ அடைத்த வீட்டுக் கடன் அதில் இன்னும் உயிரோடு நிற்கும். கடன் முடிந்தாலும், வங்கி ரசீது ஆவணம் எழுதிப் பதிந்தால்தான் அடமானப் பதிவு ரத்தாகும். அசல் பத்திரங்களைக் கடன் முடிந்த 30 நாளுக்குள் வங்கி திருப்பித் தர வேண்டும், தன் தவறால் தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

அடுத்தது வாரிசு. தாத்தா தானே சம்பாதித்துக் கட்டிய வீடு, உயில் எழுதாமல் காலமாகிவிட்டார் என்றால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகன்களுக்கு எவ்வளவோ மகள்களுக்கும் அவ்வளவு. 'அத்தைக்கு அப்போதே சீர் செய்தாகிவிட்டது' என்ற பேச்சு பத்திரப் பதிவு அலுவலகத்தில் செல்லாது. அத்தையிடம் கடைசி நேரத்தில் கையெழுத்துக்குப் போய் நிற்காமல், விலை பேசத் தொடங்கும் நாளிலேயே அவரை அழைத்து உட்காரவைப்பதுதான் மரியாதை, பாதுகாப்பும்கூட.

இதெல்லாம் முடிந்த பிறகு அழகு. வீட்டை விற்பனைக்கென்றே ஒழுங்குபடுத்திக் காட்டுவதை அமெரிக்காவில் ஒரு தனித்தொழிலாக்கியவர் பார்ப் ஷ்வார்ட்ஸ். 1972-இல் சியாட்டில் வட்டாரத்தில் வீட்டு முகவராக இருந்தபோது தொடங்கினார். நாடக மேடையைத் தயார் செய்வது போல என்பதால் 'ஹோம் ஸ்டேஜிங்' என்று அதற்குப் பெயர். அங்கே சோபாவைக்கூட வாடகைக்கு எடுத்து வைப்பார்கள். நம் ஊரில் அந்தச் செலவு தேவையில்லை. வருகிறவருக்கு இடம் தெரிந்தால் போதும். பரணில் ஏறியிருக்கும் பழைய டிரங்குப் பெட்டிகள், கட்டிலடியில் திணித்த பாய்கள், பால்கனியை அடைத்த உடைந்த நாற்காலிகள், இவை போனாலே பத்துக்குப் பத்து அறை பத்துக்குப் பத்தாகத் தெரியும். பூட்டியே கிடந்த வீடு என்றால் ஒரு வாரம் முன்பே ஜன்னல்களைத் திறந்துவிட வேண்டும். அடைந்த வாடை ஒரு நாளில் போகாது. வெகுநாள் புழங்காத குளியலறையில் தரை ஜாலிக்கு அடியில் நிற்கும் தண்ணீர் வற்றிச் சாக்கடை நாற்றம் மேலேறும். இரண்டு வாளி ஊற்றினால் நின்றுவிடும்.

காலையில் வெளிச்சம் உள்ளே வரும் நேரத்துக்கு வரச்சொல், ராகுகாலம் பார்த்து. வாசல் பெருக்கி ஒரு கோலம் இருக்கட்டும். எல்லா விளக்கும் எரியட்டும், எல்லாக் குழாயிலும் தண்ணீர் வரட்டும். வந்தவர்களை ஒவ்வோர் அறையாக இழுத்துக்கொண்டு போகாமல், மோர் கொடுத்து உட்காரவைத்து, பிறகு தாங்களாகச் சுற்றிப் பார்க்கவிட்டால் கணவனும் மனைவியும் தங்களுக்குள் பேசிக்கொள்ள இடம் கிடைக்கும். பூஜை அறையை எங்கே வைப்பது என்று அவர்கள் பேச ஆரம்பித்தால், வீடு மனதுக்குள் போய்விட்டது என்று அர்த்தம்.

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஒரு கேள்வி தவறாமல் வரும்: '2015 வெள்ளத்துல தண்ணி வந்துச்சா?' முடிச்சூர் பக்கம் என்றால் அது முதல் கேள்வியாகவே வரும். வந்திருந்தால், எத்தனை அடி, எத்தனை நாள் நின்றது, 2023 டிசம்பரில் என்ன நிலைமை என்று அப்படியே சொல்லிவிட வேண்டும். எதிர்வீட்டுக்காரர் எப்படியும் சொல்லிவிடுவார். தளத்தை உயர்த்தியது, மோட்டாரையும் மீட்டர் பெட்டியையும் மேலே மாற்றியது போன்றவற்றைச் செய்திருந்தால் அதையும் சேர்த்துக் காட்டலாம். 2003-இல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புத் தொட்டியைத் தூர்வாரி, மூடியைத் திறந்தே காட்டினால் இன்னும் நல்லது.

வீட்டைக் காட்டத் தொடங்குவதற்கு முந்தின நாள், ஒரு வெள்ளைத் தாளில் வீட்டின் படத்தைக் கையாலேயே வரைந்துவிடு. போர் எத்தனை அடி, எந்த ஆண்டு போட்டது, கோடையில் எவ்வளவு நேரம் தண்ணீர் வரும், சம்ப்பிலிருந்து மேல் தொட்டிக்குப் போகும் குழாயின் வால்வு எங்கே, சாக்கடைச் சேம்பர்கள் தரைக்கு அடியில் எந்தெந்த இடத்தில் என்று குறித்து, மீட்டர் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவை. மேஸ்திரி அதைத்தான் முதலில் போட்டோ எடுப்பார்.

அன்புடன்,
அக்கா