பாய்மரம் ஒரே மரம் இல்லை!

கப்பல் படம் வரையச் சொன்னா, நடுவுல நீளமா ஒரு கோடு போட்டு அதுதான் பாய்மரம்னு சொல்லிடுவோம். ஆனா பெரிய கப்பல்களில் அது ஒற்றைக் கம்பம் கிடையாது.

உதாரணத்துக்கு, 1765-ல் நீரில் இறக்கப்பட்ட ‘விக்டரி’ போர்க்கப்பல். இன்றும் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் இருக்கு. முன்னால் ஃபோர்மாஸ்ட், நடுவில் மெயின்மாஸ்ட், பின்னால் மிசன்மாஸ்ட் என மூன்று பாய்மரங்கள். மெயின்மாஸ்டின் உச்சி நீர்மட்டத்திலிருந்து சுமார் 205 அடி! அவ்வளவு நீளத்துக்கு ஒரே மரம் எங்கே கிடைக்கும்? அதனால் மூன்று துண்டுகள்:

1. லோயர் மாஸ்ட்: தளங்களை ஊடுருவி, கப்பலின் அடிமரம் வரை இறங்கி நிற்கும்.
2. டாப்மாஸ்ட்: அதற்கு மேல்.
3. டாப்கேலன்ட் மாஸ்ட்: எல்லாவற்றுக்கும் மேல்.

இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் கொஞ்ச நீளம் முன்னும் பின்னுமாக ஒட்டி நிற்கும். இதுதான் ‘டப்ளிங்’. மேலே இரண்டு துளையுள்ள ‘கேப்’ இரண்டையும் பிடிச்சுக்கும். கீழே ‘ஃபிட்’ என்ற ஆப்பு மேல்துண்டின் எடையைத் தாங்கும். புயல் வந்தா ஆப்பை உருவி, மேல்துண்டைக் கீழே இறக்கிடலாம். எடையும் குறையும், காற்றின் தாக்குதலும் குறையும்.

இப்போ நம்ம மெக்கானிக்ஸ் பாடம். கயிறு இல்லாத பாய்மரம் ஒரு கான்டிலீவர். தளத்தருகே வளைவுத் திருப்புத்திறன் உச்சத்தில் இருக்கும். பக்கவாட்டில் ‘ஷ்ரவுட்’, முன்பின்னாக ‘ஸ்டே’ கயிறுகள் கட்டினா, கயிறு இழுவிசையை வாங்கிக்கும், மரம் அழுத்தத்தை வாங்கிக்கும். கம்பி கட்டி நிறுத்திய செல்போன் கோபுரமும் இதே கணக்குதான். காற்று வரும் பக்கத்து ஷ்ரவுட் அறுந்தா, அதன் பாரம் மற்ற கயிறுகளுக்குப் போகும். அவையும் தாங்கலைன்னா பாய்மரமே முறியும்.

‘டாப்’னா உச்சின்னு நினைக்காதீங்க! லோயர் மாஸ்டின் தலையில் இருக்கும் மேடைதான் டாப். மேல்துண்டின் ஷ்ரவுட்களை அகலமாக விரிச்சுக் கட்ட அது உதவும். கோணம் அகலமானா கயிற்றின் இழுவிசை குறையும். போரில் அங்கே வீரர்கள் நின்று சுடுவார்கள். 1805 அக்டோபர் 21, டிரஃபால்கர் போரில், பிரெஞ்சுக் கப்பல் ‘ரெடூட்டபிள்’ மிசன் டாப்பிலிருந்து வந்த குண்டுதான் விக்டரியில் நின்ற நெல்சனின் உயிரைப் பறித்தது. உண்மையான உச்சியில் இருக்கும் சின்ன வட்டுக்குப் பெயர் ‘டிரக்’.

இவ்வளவு பெயர் எதுக்கு? நள்ளிரவுப் புயலில் “அந்தக் கயிறை இழு”ன்னு சொன்னா எந்தக் கயிறு? பெயர் தெரிஞ்சவன் கை சரியான கயிற்றுக்குப் போகும்.

கடைசியா ஒண்ணு: சங்கத் தமிழில் பாய்மரத்துக்கு ‘கூம்பு’ன்னு பெயர். நமக்கோ அது கணக்கு வகுப்பில் கனஅளவு கண்டுபிடிக்கிற வடிவம் மட்டும்தான்!